டயர் மாட்டப் போய் மாட்டிக்கொண்ட கன்னையா

மனைவியிடம் நேருக்கு நேர் 'முடியாது' என்று சொல்லும் துணிச்சல் கன்னையாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது. அதனால் நிபந்தனை போடுவார்.

இந்தத் தடவை விவகாரம் மோட்டர் சைக்கிள். மனைவி ரமணிக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். கிள்ளானில் அவர்கள் குடியிருந்த தாமான் குடியிருப்புக்குள் தொழிற்சாலை பஸ் வராது. கன்னையாவையோ போர்ட் கிள்ளான் கிடங்கு வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவருடைய ஹோண்டா கப் மோட்டர் போர்ட்டிகோவில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். சாயங்காலம் கடைக்குத் தே தாரிக் டீ குடிக்கப் போகத்தான் அதை எழுப்புவார்.

"சும்மாதானே நிக்குது. நான் வேலைக்கு எடுத்துட்டுப் போறேனே" என்றாள் ரமணி.

கன்னையா தொண்டையைச் செருமினார். "தாராளமா எடுத்துக்க. ஆனா நடுரோட்டுல பஞ்சர் ஆனா என்னா செய்வே? டயரும் ட்யூபும் ரிம்முல மாட்டத் தெரிஞ்சாத்தான் மோட்டர் ஓட்டணும். அதுவும் கையால. இரும்பு போட்டு நெம்பினா ட்யூப் கடிபட்டுரும். நீ என்னைக்கு மாட்டுறியோ, அன்னைக்கு சாவி ஒன் கையில."

ரமணி சண்டைக்கு வரவில்லை. "கையாலயா? அது எப்படிங்க? ஒரு தடவ காட்டுங்களேன்" என்றாள், கண்களை அகல விரித்து.

கன்னையா ஜென்மத்தில் டயர் கழற்றியதில்லை. ஆனால் எந்தப் பொருளானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டுச் சுவர்க் கடிகாரம் அப்படித்தான் ஓய்வு பெற்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்சக்கரத்தைக் கழற்றினார். டயரை உருவுவதற்குள் இட்லி ஆறிப்போனது. மாட்டும்போது டயரின் ஒரு பக்கம் சமர்த்தாக உள்ளே போனது. ட்யூபைத் திணித்தார். மறு பக்கத்தில்தான் வம்பு. ஒரு சாண் மட்டும் வெளியே நின்று முறைத்தது. இங்கே அமுக்கினால் அங்கே எழுந்தது. ஏறி உட்கார்ந்தும் பார்த்தார்.

"இந்த ரிம்முக்கு என்னா இவ்ளோ திமிரு?"

பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "என்னா தம்பி, சக்கரத்தோட மல்லுக்கட்டா?"

"பாடம் நடக்குதுக்கா."

ரமணி மைலோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தினாள். "ஏங்க, ட்யூப் மடிஞ்சு கெடக்கே. கொஞ்சம் காத்து அடிக்கலாமா?"

"அதத்தான் செய்யப் போனேன்" என்று சைக்கிள் பம்பைத் தேடியெடுத்துக் கொஞ்சம் காற்றடித்தார்.

"இன்னொண்ணு. ரிம்மு நடுவுல ஒரு பள்ளம் ஓடுதே, அது எதுக்குங்க?"

கன்னையா குனிந்து பார்த்தார். அட, ஆமாம். சுற்றிலும் ஓடியது ஒரு பள்ளம். அதற்கப்புறம் அவருக்கு நிபந்தனையும் நினைவில்லை, மைலோவும் நினைவில்லை. எதிர்ப் பக்கத்து டயர் விளிம்பை அந்தப் பள்ளத்தில் இறக்கி அமுக்கினார். இந்தப் பக்கம் டயர் கொஞ்சம் தளர்ந்தது. சுற்றிலும் அமுக்கிக்கொண்டே வந்து கட்டைவிரலால் ஒரு தள்ளு. 'ப்ளக்' என்று உட்கார்ந்துவிட்டது.

அவர் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பேச்சு நிற்கவே இல்லை.

"பள்ளத்துல சுத்தளவு கம்மி, ரமணி. அந்தப் பக்கம் கீழ எறங்கினா, மிச்சம் இந்தப் பக்கம் வந்துருது. பலமே வேணாம்." ஆசை அடங்காமல் கழற்றி மறுபடியும் மாட்டினார். "சின்னப் புள்ளகூட போடலாம் லா. நீ போட்டுப் பாரேன்."

"எனக்கெல்லாம் வருமா?"

"ஏன் வராது? நான் சொல்றேன். எதிர்ப் பக்கம் முட்டி போட்டு அமுக்கு. அப்படித்தான். இப்ப கட்டைவிரல்."

ப்ளக்.

கன்னையா கை தட்டினார். "அக்கா, பாத்தீங்களா? இரும்பே இல்லாம, வெறுங்கையால போட்டுட்டா."

"பாத்தேன் தம்பி. நானே சாட்சி" என்றார் நல்லம்மாள்.

ரமணி எழுந்து சோப்புப் போட்டுக் கைகழுவி வந்து, உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினாள். கன்னையா துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"துண்டு இல்லீங்க. சாவி."

கன்னையாவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. "அது... ஓட்டத் தெரிய வேணாமா?"

"அதெல்லாம் என் மோட்டர்லயே ஓட்டிப் பழகி, போன மாசமே லைசன்ஸ் எடுத்துட்டா தம்பி" என்றார் நல்லம்மாள். "டயர் போடத்தான் எனக்கும் தெரியாது. நீங்க நல்லா சொல்லிக் குடுத்தீங்க."

முழுக் காற்றடித்துச் சக்கரத்தைப் பொருத்தியதும் ரமணி ஒரே உதையில் மோட்டரைக் கிளப்பினாள். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறாளாம்.

"நான்?" என்றார் கன்னையா.

"பின்னால ஏறுங்க. வழியில பஞ்சர் ஆனா, டயர் போட ஆள் வேணும்ல."