செம்பிக்கு இறைச்சி வழங்கும் விழா

ஒரு காட்டில், அதாவது ரிசார்ட் கட்டுகிறவர்கள் கண்ணில் இன்னும் படாத ஒரு காட்டில், செந்நாய்க் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அவற்றுக்குப் படிப்பு கிடையாது, பண்பாடு கிடையாது, சொல்லிக்கொள்ள ஒரு சங்கம்கூடக் கிடையாது. வேட்டையாடும், தின்னும், தூங்கும். சுத்த மிருகங்கள், பாவம்.

அந்தக் கூட்டத்தில் செம்பி என்று ஒருத்தி. மூன்று குட்டி ஈன்ற கையோடு வேட்டைக்குப் போனவளைக் கடமான் ஒன்று உதைத்துவிட்டது. பின்னங்கால் முறிந்துபோனது. நிற்கவே முடியாதவள் எங்கே போய் வேட்டையாடுவது? குட்டிகளை அணைத்துக்கொண்டு வளையிலேயே கிடந்தாள்.

ஆனாலும் பட்டினி கிடக்கவில்லை. செந்நாய்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேட்டைக்குப் போனவர்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடி வருவார்கள். வந்து, வளையில் இருப்பவர்கள் முன்னால் அதில் பாதியைக் கக்கி வைப்பார்கள். கேட்கவே குமட்டுகிறதா? குமட்டட்டும். அதைத் தின்றுதான் செம்பிக்குப் பால் சுரந்தது, குட்டிகள் அவள் மேல் ஏறிப் புரண்டன. யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. கக்குவார்கள், போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கண்றாவியை ஒருநாள் சிங்காரம் பார்த்துவிட்டான். சிங்காரம் உலகம் தெரிந்த நரி. பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலையில் வளர்ந்தவன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அந்த மண்டபத்தில் ஏழைகளுக்கு உதவி வழங்கும் விழாக்கள் நடக்கும். அத்தனையையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கரைத்துக் குடித்திருந்தான். நேராகக் கூட்டத்தின் தலைவன் வீரணனிடம் போனான். வீரணன் செம்பிக்கு உடன்பிறந்த அண்ணன்.

“இது என்ன அசிங்கம், வீரணா?”

“எது?”

“கக்கிக் கொடுக்கிறது.”

“அவளுக்குப் பசிக்குது, கொடுக்கிறோம். இதுல என்ன இருக்கு?”

“அதனாலதான் நாம மிருகமாவே கிடக்கிறோம்” என்றான் சிங்காரம். “மனுஷன் ஏன் நம்மைவிட உசந்தவன்னு என்னைக்காவது யோசிச்சியா? ஓடத் தெரியாது, மோப்பம் கிடையாது, பல்லு பாதி சொத்தை. ஆனாலும் உசந்தவன். ஏன்? இரக்கம்! அவன் ஒரு பொம்பளைக்கு ஒரு தையல் மிஷின் கொடுத்தான்னா ஜில்லாவுக்கே தெரியும். நீ தினமும் கொடுக்கிறே. எவனுக்குத் தெரியும்?”

வீரணனுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளும் இரக்கமே இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோமே என்று கூசிப்போனான். “இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டான்.

“விழா எடுக்கணும்.”

அன்றோடு கக்குவது நின்றது. ஒரு மானை அடித்து, பாறைமேல் வைத்து, இலை போட்டு மூடினார்கள். செம்பிக்கு மாபெரும் இறைச்சி வழங்கும் விழா என்று மைனா காடெல்லாம் கத்திவிட்டு வந்தது. முதலில் குறித்த நாளில் விழா நடக்கவில்லை. கரடியின் பெயருக்குப் பிறகு தன் பெயரைச் சொன்னதாகக் காட்டெருமை முறுக்கிக்கொண்டு போய்விட்டது. அதைத் தாஜா பண்ணிக் கூட்டி வந்தால், சிறப்பு விருந்தினர் புலியாருக்கு அன்றைக்கு வேறு காட்டில் நிகழ்ச்சி. நாள் தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது.

வளைக்குள் செம்பி தவித்துப்போனாள்.

“அண்ணே, குட்டிங்க முட்டி முட்டிப் பார்க்குதுங்க, ஒரு சொட்டுப் பால் இல்லை. கொஞ்சம் கக்கிட்டுப் போண்ணே.”

“கொஞ்சம் பொறுத்துக்க, செம்பி. எல்லாம் உனக்காகத்தானே நடக்குது? இப்பவே கக்கிட்டா, மேடையில உன் முகத்துல பசி தெரியாதுன்னு சிங்காரம் சொல்றான்.”

வீரணன் பாசக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. அவளைப் பார்த்ததும் உண்டது தொண்டைவரை வந்தது. வந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டுதான் போனான்.

ஒருவழியாக விழா நாள் வந்தது. மேடை எங்கே என்று நினைக்கிறீர்கள்? வனத்துறைக்காரர்கள் புலியைக் கணக்கெடுக்க ஒரு மரத்தில் கேமரா கட்டி வைத்திருந்தார்கள். எதிரே எது அசைந்தாலும் தானே படம் பிடித்துக்கொள்ளும் கேமரா. அதற்கு நேர் எதிரே மேடை. செம்பியை இழுத்து வந்து நடுவில் உட்கார வைத்தார்கள். குட்டிகளையும் கவ்வி வந்து அவள் மடியில் போட்டார்கள். எலும்பும் தோலுமாக மூன்றும் நன்றாகத் தெரிந்ததில் சிங்காரத்துக்கு ஏக திருப்தி.

மயில் வரவேற்பு நடனம் ஆடியது. ஆடி முடித்த பிறகும் புலியார் வராததால் அதையே மறுபடியும் ஆடியது. பிறகு கரடி எழுந்து பசியின் கொடுமையைப் பற்றிப் பேசியது. பேச்சுக்கு நடுவே தொண்டை காய்ந்தபோதெல்லாம் தேன் நக்கிக்கொண்டது.

உச்சி வெயிலில் புலியார் வந்தார். அவருக்குத் தேக்கிலையில் பொன்னாடை, காட்டுமல்லியில் மாலை. “எனக்குப் பேசத் தெரியாது. இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன்” என்று தொடங்கினார். இப்படித் தொடங்குகிறவர்கள் எப்போது முடிப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“அண்ணே” என்று செம்பி முனகினாள். “சின்னது அசையாம கிடக்குது.”

“உஸ்! புலியார் பேசறார்ல.”

“பயமா இருக்குண்ணே.”

“வெயில்ல தூங்குது. கேமராவைப் பாரு.”

புலியார் உட்கார்ந்ததும் இறைச்சி வந்தது. ஒரே ஒரு மான் தொடை. அதை ஒரு பக்கம் புலியார் பிடித்தார், மறுபக்கம் கரடி. நடுவில் காட்டெருமை கொம்பை நுழைத்தது. இறைச்சியே தின்னாத காட்டெருமைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். காட்டுப்பன்றி ஒன்று, யார் அழைத்ததோ, எல்லோருடைய கால்களுக்கும் இடையில் தலையை நீட்டியது. செம்பி தொடையில் வாய் வைத்தாள்.

“இரு தங்கச்சி, இரு” என்று சிங்காரம் வெடுக்கென்று பிடுங்கினான். “முயல் சங்கத்துக்காரங்க இன்னும் படத்துல நிக்கலை. அவங்களோட ஒண்ணு. அப்படியே கொஞ்சம் சிரி.”

செம்பி சிரித்தாள். குட்டிகளுக்காக எதை வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தாள்.

எல்லோரும் நின்று முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கடைசியில் தொடை அவள் கைக்கு வந்தது. மென்று இரண்டு குட்டிகளுக்குக் கக்கினாள். இரண்டும் அடித்துப் பிடித்துக்கொண்டு தின்றன. மூன்றாவது எழுந்திருக்கவில்லை. மூக்கால் புரட்டிப் பார்த்தாள், நக்கிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி ஊளையிட்டாள்.

வீரணன் ஓடி வந்தான். வந்த வேகத்தில் வயிற்றில் இருந்ததையெல்லாம் அந்தச் சின்னதின் முன்னால் கக்கினான். “தின்னுடா கண்ணு. மாமன் கொண்டாந்திருக்கேன், தின்னு” என்று அதன் வாயருகே தள்ளித் தள்ளி வைத்தான். அது தின்னவில்லை. அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சிங்காரமும் அழுதான். நரி அழுதால் நம்பாதே என்பார்கள், ஆனால் இது சத்தியமாக நிஜ அழுகை. அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“மனசே ஆறலை, வீரணா. புலியார் இன்னும் ஓடை தாண்டியிருக்க மாட்டார். ஓடிப்போய்க் கூட்டியாந்துடறேன். கையோட இரங்கல் கூட்டம் போட்டுருவோம். மேடை அப்படியே இருக்கு, மாலையும் இன்னும் வாடலை.”

இந்த இடத்தில் வீரணன் பாய்ந்து நரியின் குரல்வளையைக் கடித்திருப்பான் என்று நினைப்பீர்கள். முந்தின மாதமாக இருந்தால் கடித்திருப்பான். அப்போது அவன் மிருகம்.

வீரணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: “தாய்மாமன் நான்தானே? புலியாருக்கு அடுத்தாப்ல என் பேரைத்தானே சொல்லுவாங்க?”

செம்பி எஞ்சிய இரண்டு குட்டிகளையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமினாள்.

“அடக் கடவுளே, இவ்வளவு செய்தும் நன்றி இருக்கா பாரு” என்றது கரடி. “மிருகம்.”

நீதி: பசித்தவருக்கு உடனே கொடுத்தால் ஒரு விழாவும் நடத்த முடியாது, காக்க வைத்துக் கொடுத்தால் இரண்டு நடத்தலாம்.