இராமலட்சுமி எத்தனை மணிக்கு வந்து சேருவாள்?

பன்னிரண்டை நாலால் வகுத்தால் மூன்று என்பதில் பூமிநாதனுக்கு அதுவரை எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

"மூணு வராது சார்" என்றாள் அருள்மேரி.

"நல்லாப் பாரு புள்ள. பன்னெண்டு சீலா மீனு. வல்லத்துல நாலு பேரு. பங்கு போட்டா ஆளுக்கு எத்தனை?"

"ஒண்ணரை."

வகுப்பே தலையாட்டியது.

"எப்படி ஒண்ணரை?"

"மொதல்ல கோயிலுக்கு ஒண்ணு எடுத்து வைக்கணும். வல்லத்துக்கு மூணு. வலைக்கு ரெண்டு. மிச்சம் ஆறு. நாலு பேருக்கு ஆளுக்கு ஒண்ணரை."

"வலைக்கு ஒண்ணுதான்!" என்று பின்வரிசையிலிருந்து ஜெபமாலை எழுந்தான். அவனுடைய அய்யாவுக்குச் சொந்த வலை கிடையாது. அடுத்தவர் வல்லத்தில் கடலுக்குப் போகிறவர். "ரெண்டு எடுக்குறது அநியாயம் சார். நீங்களே சொல்லுங்க."

"ஏலே, வலை கிழிஞ்சா ஒங்க அய்யாவா தைக்காரு?" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சிலேட்டு பறந்தது. பூமிநாதன் பிரம்பைத் தேடி எடுப்பதற்குள் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது, மீதியில்லாமல்.

அக்காள்மடத்தை ஒட்டிய கடற்கரையில் இருந்தது அந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். பூமிநாதன் அங்கே ஐந்தாம் வகுப்பு வாத்தியாராக வந்து எட்டு மாதம் ஆகிறது. கமுதிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன். கடலை முதன்முதலில் பார்த்ததே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம், பாம்பன் பாலத்தில் ரயில் நகரும்போதுதான். பார்த்து வியந்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு இங்கே பார்க்க வேறொன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. அவனே பொங்கி அவனே தின்று அவனே பாத்திரம் கழுவினான். ஊரார் மரியாதையாகத்தான் இருந்தார்கள். எதிரே வந்தால் "வாத்தியாரய்யா" என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். எல்லாரும் வழிவிட்டுக்கொண்டே இருந்தால் மனிதன் யாரோடுதான் பேசுவது? அண்ணன் ஒருவர்தான் அவனுக்குக் கடிதம் எழுதுவார். பருத்தி எடுக்கும் காலத்தில் அவரும் எழுதமாட்டார். மிச்சம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் எப்போதும் எங்கோ பனி பெய்யும். ரயில் நிலையத்தில் யாராவது ஒருவர் யாருக்காகவாவது காத்திருப்பார்.

ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டுப் பூமிநாதன் எழுதிக் கொடுத்த மனு, ஹெட்மாஸ்டர் வேதநாயகத்தின் மேஜையில் இருந்தது.

"நம்ம நிர்வாகத்துக்குக் கமுதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வாராரு" என்றார் அவர். "உம்ம வகுப்பு கணக்குல தேறிட்டா, அன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பி வைக்கேன். தேறலன்னா இங்கனதான் கெடக்கணும், பாத்துக்கிரும்."

தேறுவதாவது! பாடப்புத்தகத்துக் கணக்குகளில் மாந்தோப்பும் மாட்டு வண்டியும் நெல் மூட்டையும் வந்தன. பிள்ளைகள் அவற்றைக் கண்டதும் வாயைப் பூட்டிக்கொண்டார்கள். ஆகவே பிள்ளைகள் அறிந்த உலகத்திலிருந்தே கணக்கை எடுப்போம் என்று பூமிநாதன் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். முதல் கணக்கில் ஒரு சிலேட்டு போயிற்று.

பங்கு பிரித்தால்தானே சண்டை? பங்கே வேண்டாம் என்று மறுநாள் கழித்தலுக்கு மாறினான். இன்னும் உயிரோட்டமாக இருக்கட்டுமே என்று அருள்மேரியின் அய்யா பெயரையே போட்டான். 'சவேரியார் அறுபது சீலா பிடித்தார். நாற்பதைக் கரையில் விற்றார். மீதி எத்தனை?'

பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய்ச் செய்துகொண்டு வரச் சொன்னான்.

சாயங்காலம் விடை நடந்து வந்தது. முன்னால் அருள்மேரியின் அம்மா செபஸ்தியம்மாள், பின்னால், வெயிலில் கிடந்த மீன் மாதிரி வாடிப்போய் அவள் புருஷன் சவேரியார்.

"வாத்தியாரய்யா, நீங்க படிச்சவுக. பொய் சொல்ல மாட்டீக. மீதி இருபது சீலா எவ வீட்டுக்குப் போச்சு?"

"அம்மா, அது சும்மா கணக்கு..."

"கணக்குன்னுதானே கேக்கேன்! நாப்பதுக்கு மட்டுந்தான் இந்த மனுசன் வீட்டுல கணக்குச் சொன்னாரு."

சவேரியார் பூமிநாதனின் காதருகே வந்து, "சார், நான் அன்னைக்குப் பிடிச்சதே நாப்பதுதான். ஒங்களுக்கு அறுபதுன்னு எவன் சொன்னான்?" என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

பெயரை மாற்றிப் பார்த்தான். அந்த ஊரில் அது நடக்கிற காரியமா? அந்தோணி என்று போட்டால் ஏழு வீட்டில் சண்டை. சூசை என்று போட்டால் நாலு வீட்டில். பெயரே இல்லாமல் 'ஒருவன்' என்று போட்டால், "எவன் சார்?" என்று வகுப்பே கேட்டது.

கடைசியில் மீனும் வேண்டாம், இந்த ஊர் ஆளும் வேண்டாம் என்று முடிவுசெய்து கரும்பலகையில் எழுதினான்: 'இராமலட்சுமி உச்சிப்புளி ரயிலடிக்கு நடந்து போகிறாள். மணிக்கு மூன்று மைல் வேகம். அவள் வீட்டிலிருந்து ரயிலடி ஆறு மைல். எத்தனை மணி நேரம் ஆகும்?'

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது.

"ரெண்டு மணி நேரம் சார்" என்றார்கள் எல்லாரும் ஒரே மூச்சில். பூமிநாதன் பூரித்துப் போனான்.

"அவுக எதுக்கு சார் ரயிலடிக்குப் போறாக?" என்றாள் அருள்மேரி.

"இங்கன வர்றதுக்கு."

"இங்கன யாரு இருக்கா அவுகளுக்கு?"

பூமிநாதன் வெளியே பார்த்தான். சன்னல் வழியே கடல் தெரிந்தது. "அது நாளைக்குக் கணக்குல வரும்" என்றான்.

வந்தது. நாள்தோறும் வந்தது. பெருக்கலில் இராமலட்சுமி வழிக்குப் பணியாரம் சுட்டாள். பின்னத்தில் நீலச் சேலையின் கால்பாகம் முள்வேலியில் மாட்டிக் கிழிந்தது. வகுத்தலில், கொண்டுவந்த தண்ணீரைத் தாகத்தோடு நின்ற இரண்டு ஆட்டுக்குட்டிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். அந்த இடத்தைப் பூமிநாதன் யாரும் கேட்காமலே இரண்டு தரம் சொன்னான். கணக்குப் பாடத்துக்கு ஒரு பிள்ளையும் மட்டம் போடவில்லை. சாயங்காலம் வலை காயும் இடத்தில் பெண்கள் கூடி, "இன்னைக்கு எது வரைக்கும் வந்தா?" என்று கேட்டார்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. நடக்கும் கணக்கையும் சுடும் கணக்கையும் சரியாகப் போட்ட பிள்ளைகள், அவளை ரயிலேற்றி 'எப்போது வந்து சேருவாள்' என்று கேட்டால் மட்டும் திணறினார்கள். ஆளுக்கொரு விடை, அத்தனையும் தப்பு. மறுநாள் வேறு எண்களோடு மறுபடியும் அவளை ரயிலேற்றினான். மறுபடியும் தப்பு.

அதற்குள் செபஸ்தியம்மாள் ஒரு பானை நிறையக் கருவாடு கொடுத்தனுப்பினாள். அந்தப் பெண் வந்தால் குழம்பு வைக்க வேண்டுமாம். கருவாட்டு வாடைக்கு நடுவே உட்கார்ந்து நாவல் படிக்கப் பூமிநாதனால் முடியவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

"அம்மா, அப்படி ஒருத்தி இல்லவே இல்லை."

செபஸ்தியம்மாள் சிரித்தாள். "ஆம்பளைக எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவீக. எங்க வீட்டு மனுசனும் கல்யாணத்துக்கு முந்துன நாள் வரைக்கும் அப்படித்தான் சொன்னாரு."

சவேரியாருக்கு ஆர்வம் அடங்கவில்லை. வல்லத்துக்குப் பாய்த்துணி வாங்க உச்சிப்புளிப் பக்கம் போனவர் விசாரித்துக்கொண்டே வந்துவிட்டார். பூமிநாதனைத் தனியே அழைத்தார்.

"மூணு இராமலட்சுமி இருக்காக சார். ஒருத்திக்குப் பல்லு இல்ல. ஒருத்தி பால்குடி. நடுவுல உள்ளவளுக்குப் போன மாசந்தான் கல்யாணம் முடிஞ்சுதாம்." அவன் தோளில் கைவைத்தார். "மனசத் தளர விடாதீக."

ஆறுதலுக்கு எட்டு மாதத்தில் முதன்முதலாக ஒரு கை தோளில் விழுந்திருக்கிறது. அதுவும் இல்லாத துக்கத்துக்கு. பூமிநாதனுக்கோ, என்ன மாயமோ, கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பாம்பன் ஸ்டேஷன் வரை நடந்தான். ரயில் வந்தது. யாத்திரிகர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கூடைக்காரிகள் இறங்கினார்கள். நீலச் சேலை எதுவும் இல்லை.

"யாரையும் எதிர்பாக்கிறீங்களா?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார்.

"இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்க வந்தேன்."

மறுநாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுவிட்டார். மனு அவர் கையில் இருந்தது.

"யாரு வோய் அந்தப் பொம்பளை? ஊரெல்லாம் பேசுது."

"காலமும் தூரமும் சார். அஞ்சாம் வகுப்புப் பாடம்."

"காலத்துக்கும் தூரத்துக்கும் நீலச் சேலை எதுக்கு வோய்? நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராரு. அவரு முன்னால அவளை ஒழுங்காக் கொண்டாந்து எறக்கிவிட்டு முடிச்சிரும். அப்புறம் நீரு ஊருக்குப் போகலாம்."

அதுவும் சரிதான் என்று பட்டது. அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் துடைத்தான். இருந்த இரண்டு வேட்டியையும் துவைத்துக் காயப்போட்டான்.

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையும் மூக்குக்கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்தார். பூமிநாதன் தன்னிடமிருந்த எழுத்துகளிலேயே அழகான எழுத்தில் எழுதினான்: 'இராமலட்சுமி ஏறிய ரயில் மூன்று மணிக்குப் புறப்படுகிறது. பாம்பன் பதினெட்டு மைல். ரயில் மணிக்குப் பன்னிரண்டு மைல் போகும். அவள் எத்தனை மணிக்கு வந்து சேருவாள்?'

"பேஷ்! சொந்தக் கணக்கா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் இன்ஸ்பெக்டர். "நீ சொல்லு தம்பி."

ஜெபமாலை எழுந்தான். கூரையைப் பார்த்தான். "வரமாட்டாக சார்."

"ஏன்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கமே ரயில நிப்பாட்டிருப்பாக. காத்து கூடுதல்."

"கணக்கில் காற்றே இல்லையே!"

"கணக்குல இல்ல சார். கடல்ல இருக்கு."

இன்ஸ்பெக்டர் அடுத்த வரிசைக்குப் போனார். ஒருத்தி ஆறேகால் என்றாள். ஒருவன் நாளைக்குக் காலையில் என்றான். இன்னொருவன், அவள் மண்டபத்திலேயே இறங்கிவிட்டாள், சித்தி வீட்டில் ஏதோ விசேஷம் என்றான். வகுப்பிலேயே கெட்டிக்காரியான அருள்மேரியைப் பூமிநாதன் கண்களாலேயே கும்பிட்டான். அவள் நிதானமாக எழுந்து, "அவுகளுக்கு ரயிலே கிடைக்கல சார். வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாக" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முப்பத்திரண்டு பிள்ளைகள். முப்பத்திரண்டு தப்பு.

இன்ஸ்பெக்டர் பச்சை மையில் எழுதினார்: 'ஆசிரியர் பாடத்தைச் சுவையாக நடத்துகிறார். விடைதான் எவருக்கும் வரவில்லை. இவரே மேலும் இரண்டு ஆண்டுகள் இங்கிருந்து இதைச் சரிசெய்ய வேண்டும்.' வேதநாயகம் மனுவை நாலாக மடித்து மேஜையின் கீழறைக்குள் தள்ளினார்.

பள்ளிக்கூடம் விட்டாயிற்று. பூமிநாதன் காலி வகுப்பில் நின்று கரும்பலகையை அழித்தான். பதினெட்டு மைல் அழிந்தது. மூன்று மணி அழிந்தது. பெயரை அழிக்கக் கை வரவில்லை. இன்னும் இரண்டு வருஷம். சோறு பொங்கி, பாத்திரம் கழுவி, கடலைப் பார்த்து, இரண்டு வருஷம். இத்தனை நாள் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்தது எல்லாம் பிரமைதானா? ஒரு பிள்ளைக்காவது ஒரு கணக்காவது ஏறியிருக்கக் கூடாதா?

வாசலில் நிழல் தட்டியது. அருள்மேரி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜெபமாலை. அவனுக்கும் பின்னால் பாதி வகுப்பு.

"நீங்க அழுறீகளா சார்?"

"சுண்ணாம்புத் தூள். வீட்டுக்குப் போங்க."

யாரும் போகவில்லை. அருள்மேரி ஜெபமாலையைப் பார்த்தாள். ஜெபமாலை தரையைப் பார்த்தான்.

"இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தேனே," என்றான் பூமிநாதன், அடக்க முடியாமல். "முப்பத்திரெண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

"நாலரை மணின்னு எங்க எல்லாருக்கும் தெரியும் சார்" என்றாள் அருள்மேரி. "வந்து எறங்கிட்டாகன்னா நீங்க அவுகளக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவீகள்ல, அதான் ஒருத்தரும் எறங்க விடல."