கண்ணை மூடி ஒரு டெஸ்ட் டிரைவ்

ஸ்டியரிங்கை ஒருமுறைகூடத் தொடாமல் ஒரு தெருவின் அத்தனை கார்களையும் தீர்மானித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் இருக்கிறார். பெயர், பின்சீட்டு அண்ணன். ஞானஸ்நானப் பெயர் அவருக்கே நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்.

யார் பழைய கார் பார்க்கப் போனாலும் அண்ணனைக் கூட்டிப்போக வேண்டும். பானெட்டைத் திறக்கமாட்டார். டயரை உதைக்கமாட்டார். பின்சீட்டில் ஏறி, ஜெபமாலையைக் கையில் சுற்றிக் கண்ணை மூடிக்கொள்வார். வண்டி ஓடும்போது அவர் வாயிலிருந்து "சேசுவே!" என்று வந்தால் அந்தக் கார் வேண்டாம். வராவிட்டால் வாங்கலாம். அவ்வளவுதான் பரிசோதனை.

எதிர்வீட்டு வாத்தியார் பார்த்த காரில், முதல் வேகத்தடையிலேயே அண்ணன் எல்லாப் புனிதர்களையும் அழைத்துவிட்டார். வாத்தியார் பயந்து விட்டுவிட்ட அந்தக் கார் வேறொருவரிடம் இன்றும் ஜம்மென்று ஓடுகிறது. அண்ணன் குறட்டை விட்டுத் தேர்வு செய்த இன்னொரு கார், மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு கல்யாணத்தன்று நடுரோட்டில் நின்றது. அப்படியும் அவரில்லாமல் யாரும் கார் வாங்குவதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

இந்த முறை மாட்டியது நான். காந்திகிராமத்தில் வேலை பார்க்கும் என் மகள் ஜெனியின் ஸ்கூட்டரை மதுரை ரோட்டில் ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. அவளுக்குக் கீறல்கூட இல்லை. நான்தான் இன்னும் அவள் வீடு திரும்பும்வரை வாசலிலேயே நிற்கிறேன். மகளைச் சுற்றிக் கனமான இரும்பு வேண்டும் என்று தோன்றியது. பைபாஸில் ஒரு வெள்ளை வெளிநாட்டு செடான், திரும்பிய பக்கமெல்லாம் ஏர்பேக்கோடு, எனக்கே கட்டுப்படியாகிற விலையில் நின்றது. இவ்வளவு மலிவாக ஏன் என்பதுதான் முதல் குழப்பம்.

"அப்பா, எனக்கு ஸ்கூட்டரே போதும். இந்தக் கப்பல எங்க நிறுத்துறது?" என்றாள் ஜெனி.

நான் ஓட்ட, அண்ணன் பின்சீட்டில் ஏறினார். கண்ணை மூடினார். பத்துக் கிலோமீட்டருக்கு மேல், ரெட்டியார்சத்திரம் வரைக்கும் சத்தமே இல்லை. வாங்கிவிடலாம் என்று நான் துணிந்த நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது:

"ஏன் அப்பு, செத்த நேரமா உக்காந்திருக்கேன். எப்பக் கெளப்புவ?"

"அண்ணே, ரெட்டியார்சத்திரமே வந்தாச்சு!"

கண்ணைத் திறந்தார். "சேசுவே!"

கண்ணைத் திறந்த பிறகு சொன்னது செல்லுமா?

"வண்டியில என்னண்ணே கொற?"

"கொறயா? ஓடுறதே தெரியாம ஓடுது. அதான் பயமா இருக்கு."

"அப்ப வாங்கவா, வேணாமா?"

"அதான் சொல்லிட்டேன்ல!"

என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. விற்கிறவர் போன் மேல் போன் போட்டார்.

மறுநாள் காலை அண்ணன் எங்கள் வாசலில், கையில் ஜெபமாலையோடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட நடந்தே போகிறவர் அவர். "டூவீலர்ல ஏது பின்சீட்டு? அது வெறும் பலக" என்று ஆயுள் முழுக்க ஏற மறுத்தவர்.

"ஏத்தா ஜெனி, என்னயக் காந்திகிராமம் வரைக்கும் கூட்டிட்டுப் போ."

கண்ணை மூடிக்கொண்டு அவர் அந்தப் பலகையில் போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. மதியம் பஸ்ஸில் திரும்பி நேராக என்னிடம் வந்தார்.

"புள்ள நல்லா ஓட்டுது அப்பு. வழியில நான் ஒருக்காக்கூட சேசுவக் கூப்பிடல."

"நெசமாவாண்ணே?"

"ஏறும்போது ஒண்ணு, எறங்கும்போது ஒண்ணு. அது கணக்குல வராது."

நான் கொடுத்த தண்ணீர்ச் செம்பை வாங்க வலதுகையை நீட்டினார். உள்ளங்கை முழுக்க ஜெபமாலை மணிகள் அழுந்திய தடம். நான் பார்ப்பது தெரிந்ததும் அதை மடக்கிக்கொண்டு இடதுகையை நீட்டினார்.