அங்கவஸ்திரத்துக்குள் ஒரு கை

எருத்தேன்பதியில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அதில் பிழைகள் மலிந்துள்ளன. நான் வாங்கியது மூன்று ஜோடிக் காளைகள் அல்ல. ஒரே ஒரு ஜோடிதான். என் தலைப்பாகை சிவப்பு நிறத்தது அல்ல. வெண்பட்டில் சரிகைக் கரையிட்டது. காளைகள் என்னைத் துரத்தின என்பது அப்பட்டமான புனைவு. அவை கண்ணியமாகப் பின்தொடர்ந்தன. எஞ்சிய பகுதிகளை என்னால் மறுக்க இயலாது என்பதை, கல்லூரி ஆசிரியருக்குரிய நேர்மையோடு இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் பாலக்காட்டுச் சித்தூரில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். என் மாணவர்களின் கால்சராய்கள் முழங்காலுக்குக் கீழே கோயில் மணியைப் போல விரிந்து, வராந்தாவைப் பெருக்கிக்கொண்டு சென்ற காலம். சட்டைக் காலர்களோ தோள்பட்டையைத் தொட்டன. (பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும் நாள்களில் சிலர் பறந்துவிடுவார்களோ என்று உண்மையாகவே அஞ்சியிருக்கிறேன்.) இந்தச் சீர்கேட்டுக்கு எதிராக நானும் என் நண்பர்கள் இருவரும் ஒரு குழாம் அமைத்தோம். நாங்கள் அதற்கு இட்ட பெயர் 'பூர்விக உடை அன்பர் குழாம்'. ஊரார் இட்ட பெயர் 'டிராமா கோஷ்டி'.

நண்பர்களில் ஒருவன் வக்கீல் சுந்தரம். அவனுடைய தாத்தாவின் சட்டைப்பைக் கடிகாரமும் தங்கமுலாம் சங்கிலியும் அவன் வசம் இருந்தன. கடிகாரம் ஓடாது, ஆனால் அவன் அதைத் திறந்து பார்க்கும் தோரணையைக் கண்டால் ஓடுகிற கடிகாரங்கள் வெட்கப்படும். மற்றவன் அஞ்சலகத்தில் பணியாற்றிய குமாரசாமி; வெள்ளிப்பூண் போட்ட கைத்தடிக்கும், நடக்கும்போது முனகும் பம்ப் ஷூவுக்கும் சொந்தக்காரன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஞ்சகச்சம் உடுத்தி, மூடிய கழுத்துக் கோட்டு அணிந்து, தலைப்பாகை தரித்து எங்கேனும் உலாச் செல்வோம். மலம்புழைப் பூங்காவில் நடந்துகொண்டே, பொத்தான் ஐந்தா ஆறா என்று மணிக்கணக்கில் வாதிட்டிருக்கிறோம். எங்கள் தாத்தாக்களின் திருமணத்துக்குப் பிறகு தோன்றிய எதுவும் எங்கள் மேனியில் தென்படக் கூடாது என்பது விதி. (மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் வாக்கெடுப்பு நடத்தி விலக்கு அளித்தோம்.)

என்னுடைய பெருமை, அல்பாகா என்னும் மெல்லிய கம்பளியில் தைத்த ஒரு கோட்டு. வண்டன்மேட்டில் ஏலத்தோட்டக் கணக்கராக இருந்த என் தாயின் சிற்றப்பா விட்டுச்சென்றது. பூச்சி அரிக்காமல் இருக்க அதை நெடுங்காலம் ஏலக்காய்க்கு நடுவே பெட்டியில் வைத்திருந்தார்கள். எத்தனை முறை வெயிலில் உலர்த்தினாலும் அந்த மணம் போகவில்லை. பூங்காவில் என்னருகே வந்த குழந்தைகள் பாயசம் வேண்டுமென்று அழுததுண்டு.

இந்தச் சூழலில்தான் எனக்குப் பெண் பேசினார்கள்.

பெண் எருத்தேன்பதி ராசப்பன் அவர்களின் மகள் சரஸ்வதி. நெல்லும் தென்னையும் நிலக்கடலையுமாக நல்ல பண்ணையம். எங்கள் குடும்பமோ என் தந்தையின் காலத்திலேயே நிலத்தை விட்டு உத்தியோகத்துக்கு வந்துவிட்டது. மாடு என்றால் எனக்குப் பால் என்ற அளவில்தான் பழக்கம். சரஸ்வதியை ஓர் உறவினர் வீட்டு விசேஷத்தில் முன்னமே ஒருமுறை பார்த்திருந்தேன். அவள் என் தலைப்பாகையைப் பார்த்துச் சிரித்தாள். வேறு எவர் சிரித்திருந்தாலும் அன்றோடு அவர்கள் உறவை முறித்திருப்பேன். அவள் சிரித்தபோது, இன்னொரு முறை சிரிக்க மாட்டாளா என்று அந்தப் பக்கமாகவே இரண்டு தடவை நடந்தேன். என் நிலைமையை வாசகர்கள் இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

ராசப்பன் அவர்கள் உத்தியோக மாப்பிள்ளைகள் இருவரை அதற்கு முன் திருப்பி அனுப்பியவர். எனக்கு வந்த தகவல் இதுதான்: "வர்ற நாயித்துக்கெழம மத்தியானம் தோட்டத்துக்குச் சோத்துக்கு வரச் சொல்லுங்க. சிநேகிதரு இருந்தாக் கூட்டீட்டு வரட்டும். பொழைக்கத் தெரிஞ்ச ஆளான்னு நாம் பாத்துக்கறேன்."

பழம்பெருமை வாய்ந்த குடும்பத்துக்குப் பழம்பெருமை வாய்ந்த உடையில் செல்வதே பொருத்தம் என்று நான் முடிவு செய்தேன். குழாமின் அந்த மாத உலாவும் அதுவே என்றாயிற்று. என் தாய் வாசலை மறித்தாள்.

"கண்ணு, அந்தக் கோட்டெக் கழட்டி வெச்சுப்போட்டு ஒரு வெள்ளச் சட்டெ போட்டுக்கிட்டுப் போ. உன்னெக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"அம்மா, அவங்க பாரம்பரியம் தெரிஞ்சவங்க. கோட்டோட மதிப்பு அவங்களுக்குப் புரியும்."

"அவங்களுக்குக் கோட்டெப் புரிஞ்சாப் போதுமா? உன்னெப் புரியோணுமல்லொ" என்றாள் தாய். நான் அங்கவஸ்திரத்தை நீளவாக்கில் மடித்து வலது முன்கையின் மீது தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினேன். (தோளில் அணிவது சாதாரண முறை, முன்கையில் அணிவது மேலான முறை என்பது குழாமில் நான் நிறுவியிருந்த கருத்து.)

வழியில் பேருந்து நின்றுவிட்டது. "இனி மேக்கொண்டு வண்டி போவாதுங்க. இன்னைக்கு மாட்டுச் சந்தெ, ரோடெல்லாம் மாடு. எறங்கி நடந்துக்கோங்க" என்றார் நடத்துநர். இறங்கினோம். சந்தையைக் கடந்தால்தான் ராசப்பன் அவர்களின் தோட்டத்துக்குச் செல்லும் இட்டேரி, இருபுறமும் வேலியிட்ட மண்பாதை, வரும்.

நாங்கள் சந்தைக்குள் நுழைந்ததும் பேச்சுகள் தணிந்தன. மனிதர்கள் விலகி வழிவிட்டார்கள். சிலர் பீடியைக் கீழே போட்டார்கள். "பார்த்தாயா, நல்ல உடைக்கு இந்த மண்ணில் இன்னும் மதிப்பு இருக்கிறது" என்று சுந்தரத்தின் காதில் முணுமுணுத்தேன். அவன் ஓடாத கடிகாரத்தைத் திறந்து மூடினான்.

அப்போது தலையில் துண்டு கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஏனுங் சாமி, ரொம்பத் தொலவுல இருந்து வாறீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். சித்தூர் அவ்வளவு தொலைவு இல்லையெனினும் ஆமோதித்தேன். அடுத்த கணம் அவருடைய கை என் அங்கவஸ்திரத்துக்கு அடியில் புகுந்து என் கையைப் பற்றியது. மூன்று விரல்களை மட்டும் பிடித்து மெல்ல அழுத்தியது.

நான் வரலாறு படித்தவன். கையைத் துணியால் மறைத்துக்கொண்டு வணக்கம் சொல்வது வழக்கொழிந்த ஏதோ ஒரு மரியாதைமுறையாகத்தான் இருக்க வேண்டும் என்று உடனே புரிந்துகொண்டேன். (புரிந்துகொள்வதில் எனக்கிருந்த வேகம் அன்று எனக்கே வியப்பளித்தது.) மரியாதையில் ஒரு படி மேலே நிற்பதல்லவா கனவானுக்கு அழகு? அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பற்றி, அன்போடு ஓர் அழுத்து அழுத்தினேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கண்கள் விரிந்தன. "ஏனுங், சரிதானுங்களா?" என்றார், தழுதழுத்த குரலில்.

"மிகவும் சரி" என்றேன்.

அவர் அங்கவஸ்திரத்தை விலக்கி என் உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, யாரோ அழைத்ததுபோல ஓடினார். "எவ்வளவு உணர்ச்சிவசப்பட்டார், பார்த்தாயா குமாரசாமி? நகரத்தில் இந்தப் பண்பைக் காண முடியுமா?" என்று கேட்டேன். குமாரசாமி தனக்கும் அப்படி ஒரு வணக்கம் கிடைக்காதா என்று தன் அங்கவஸ்திரத்தை நீட்டிக்கொண்டே சற்று நேரம் நின்றான். நல்லவேளையாக எவரும் வரவில்லை.

இட்டேரியில் பாதித் தூரம் சென்றிருப்போம். பின்னால் கழுத்துமணி ஓசை கேட்டது. திரும்பினால், புதுக்கயிறு பூட்டிய இரு வெள்ளைக் காளைகள். அவற்றைப் பிடித்தபடி அதே மெலிந்த மனிதர். வழிவிட ஒதுங்கி நின்றோம். அவரும் நின்றார். நடந்தோம். நடந்தார். ஒரு காளை என் கோட்டின் பின்புறத்தை முகர்ந்து, ஏலக்காய் மணத்தில் மயங்கி, ஒரு நக்கு நக்கியது.

"டேய், இவரு நம்ம கூடவேதான்டா வர்றாரு" என்றான் சுந்தரம்.

"அவரும் அந்த வழியாகப் போகிறவராக இருக்கலாம்" என்றேன். அதற்கு மேல் திரும்பிப் பார்ப்பது என் தகுதிக்குக் குறைவு என்பதால் பார்க்கவில்லை. இவ்வாறாக, நாங்கள் மூவர் முன்னேயும் காளைகள் இரண்டு பின்னேயுமாக, ஓர் ஊர்வலம்போலத் தோட்டத்து வீட்டின் வாசலை அடைந்தோம்.

வீட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். சரஸ்வதியின் தாயார் காளைகளைக் கண்டு, "ஏனுங், முறையெல்லாம் பேசறதுக்கு முன்னாலயே சீரு கொண்டாந்துட்டீங்களா" என்று மகிழ்ந்து, மஞ்சள் நீர் எடுத்து வரச் சொன்னார். என் நெற்றிக்கு வைக்கும் முன் காளைகளின் நெற்றிக்குக் குங்குமம் வைத்தார்கள். நான் தடுக்கவில்லை, தடுப்பதற்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

அந்த நேரத்தில்தான் ராசப்பன் அவர்கள் சந்தையிலிருந்து வந்து சேர்ந்தார். வேலிப் படலைத் தள்ளும்போதே குரல் உயர்ந்திருந்தது. "காத்தாலருந்து கெஞ்சிக் கொஞ்சி ஒரு சோடிய முடிக்கற நேரத்துல, டீ குடிச்சுட்டு வாறதுக்குள்ள எவனோ தலப்பாக் கட்டுன கூத்தாடி, கேட்ட வெலைக்கு மேல கையெப் போட்டு அள்ளீட்டுப் போயிட்டானாமா. அவன் மட்டும் என்ற கையில கெடச்சான்னா..."

அத்துடன் நிறுத்தினார். முதலில் காளைகளைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பிடித்திருந்த மெலிந்த மனிதரை, அதாவது மாட்டுத் தரகரை. பிறகு, மிக மெதுவாக, என் தலைப்பாகையை.

தரகர் கும்பிட்டார். "இந்தச் சாமிதானுங்க முடிச்சாரு. இத்தாப்பெரிய கோட்டுப் போட்டவருகிட்ட அச்சாரம் கேட்டா மருவாதி இல்லீன்னு, மாட்டெ ஊட்டுக்கே ஓட்டியாந்தனுங்க."

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை, துணிக்கு அடியில் விரல்களால்தான் பேசுவார்கள் என்பது அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. பூர்விக வழக்கங்களுக்காகக் குழாம் அமைத்தவன், அந்த வட்டாரத்தில் உயிரோடிருந்த ஒரு பூர்விக வழக்கத்தின் மீது தடுக்கி விழுந்திருக்கிறேன். என்னிடம் இருந்தது திரும்பிச் செல்லும் பேருந்துக் கட்டணம்.

சுந்தரம் தொண்டையைச் செருமினான். "ஏனுங்க, இது சட்டப்படி செல்லாதுங்க. ரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் இருந்தாத்தான் ஒப்பந்தம். இவனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க..."

'ஒண்ணுமே தெரியாது' என்ற சொற்கள் சரஸ்வதி நின்றிருந்த நிலைப்படி வரை சென்றதைக் கண்டேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "வக்கீல் சும்மா இருக்கட்டும். நான் தெரிந்துதான் கையைக் கொடுத்தேன். கொடுத்தது கொடுத்ததுதான்" என்றேன், கோட்டின் கழுத்துப் பொத்தானைச் சரிசெய்தவாறு.

ராசப்பன் அவர்கள் என்னை நெருங்கி வந்தார். "நல்லதுங்க வாத்தியாரே. என்ன வெலைக்குங்க குடுத்தீங்க?"

காளை கூட அசைபோடுவதை நிறுத்திற்று. நான் தரகரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார்.

"இதானுங்க பொழைக்கத் தெரிஞ்ச லட்சணம்?" என்றார் ராசப்பன் அவர்கள், மனைவியிடம் திரும்பி. "என்ன வெலைக்கு வாங்குனோம்னே தெரியாத மனுசன். இவருகிட்டப் புள்ளயக் குடுத்தா நாளைக்கு ஊட்டெ வித்துப்போட்டு வணக்கம் சொல்லிக்கிட்டு வருவாரு. சோத்தெப் போட்டு அனுப்பி உடுங்க."

எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணினேன். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். குழாமின் வரலாற்றில் உலாவின் நடுவே ஓர் உறுப்பினர் தலைப்பாகையைக் கழற்றியது அதுவே முதல் முறை.

நிலைப்படியிலிருந்து சரஸ்வதியின் குரல் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்ட குரல்.

"ஏனுங்கப்பா, போன தடவெ வந்தவரு பவுனு எத்தனெ, பாத்திரம் எத்தனென்னு சோத்துல கைய வெக்கறதுக்கு முன்னாலயே பேசுனாருன்னுதான வேண்டாம்னீங்க? கேட்ட வெலைக்கு மேல ஏத்திக் குடுக்கறவரு நம்மகிட்டப் பேரம் பேசுவாருன்னா நெனைக்கறீங்க?"

ராசப்பன் அவர்கள் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. பிறகு தோளிலிருந்த துண்டை உதறி வாயைப் பொத்திக்கொண்டார். துண்டுக்குப் பின்னால் அவருடைய வயிறு குலுங்கியதை நாங்கள் அனைவரும் பார்த்தோம்.

தரகரின் கணக்கை அவரே தீர்த்தார். தாம் விரும்பிய ஜோடி கடைசியில் தம் தொழுவத்துக்கே வந்துவிட்டது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார். நான் ஏற்றிவிட்ட விலையை மட்டும் ஒருநாளும் மறக்கவில்லை. "மாப்ளே, மாடு உங்களுதுங்க. மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். அன்று முதல் பூர்விக உடை அன்பர் குழாமின் உலாக்கள் அனைத்தும் எருத்தேன்பதியில்தான் நடைபெற்றன. பஞ்சகச்சமும் தலைப்பாகையுமாக மூன்று கனவான்கள் தொழுவத்தில் நின்று காளைகளுக்குப் பருத்திக்கொட்டை வைப்பதைக் காண, இட்டேரியில் ஆள் கூடுவதுண்டு. அந்த வருடமே திருமணம் நடந்தது. கைகோர்க்கும் சடங்கின்போது சரஸ்வதியின் தாய்மாமன் எங்கள் கைகள் மீது ஒரு துண்டைப் போட்டு, "வெல சொல்லுங்க மாப்ளே" என்றார். மேளக்காரர் சிரித்ததில் தாளம் தப்பியது.

அதன் பின்னர் என் மனைவி என்னை எந்தக் கடைக்கும் கையை வீசிக்கொண்டு நடக்க அனுமதித்ததில்லை. காய்கறிச் சந்தையில் நான் பின்னால் கை கட்டித்தான் நிற்க வேண்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தத்துவ சிந்தனையில் நிற்கிறார் என்று காண்போர் எண்ணுகின்றனர். நானும் மறுப்பதில்லை.

எங்கள் மகளின் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி என்னை நோக்கிக் கையை நீட்டியபடி வந்தார். நாகரிகமானவர், வெறும் கைகுலுக்கலுக்காகத்தான் வந்தார். நானும் நீட்டினேன். கூடத்தில் இருந்த என் உறவினர் அனைவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினர். என் மனைவி குறுக்கே வந்து என் கையைப் பற்றித் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "பேசறதெல்லாம் எங்கிட்டப் பேசுங்க சம்பந்தி" என்றாள்.

கூடமே சிரித்தது. நான் முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தேன். முந்தானைக்கு அடியில் அவள் விரல்கள் என் விரல்களை அழுத்தி ஏதோ ஒரு விலையைச் சொல்லின. எவ்வளவு என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒப்புக்கொண்டேன்.