உப்பு மூட்டைக்கு ஹைப்ரிடா, பெட்ரோலா?

மதிப்பிற்குரிய 'வண்டி வாகனம்' பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

விஸ்கான்சின் மாநிலம், டர்லோ க்ரீக்கிலிருந்து வெர்லின் ஸ்டோல்ட்ஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்கள் வாகனங்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் முழங்காலும் நலம். முழங்கால் கொஞ்சம் குறைவாக நலம்.

சின்ன பிக்கப் ஒன்று வாங்கப்போகிறேன், பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட் வாங்கட்டுமா, வெறும் பெட்ரோல் வண்டி வாங்கட்டுமா என்று போன மாதம் தங்களைக் கேட்டிருந்தேன். "எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், எதை இழுக்கிறீர்கள், என்ன சுமை ஏற்றுகிறீர்கள், சுருக்கமாகத் தெரிவிக்கவும்" என்று தாங்கள் பதில் போட்டிருந்தீர்கள். என்னைப் பற்றி யாரும் இத்தனை கேள்வி கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. அதனால் சுருக்கமாக எழுத வரவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இழுவை. முன்பு ஒரு மீன்பிடிப் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவோம். என் மனைவி மார்லிஸ் இறந்த பிறகு அதை விற்றுவிட்டேன். எதிரே ஆள் இல்லாத படகில் உட்கார்ந்து மீன் வருமா என்று பார்ப்பதில் எனக்கு ருசி விட்டுப்போய்விட்டது. ஆனால் வண்டியின் பின்னாலிருந்த இழுவைக் கொக்கியை மட்டும் கழற்றவில்லை. அவ்வப்போது அதில் முழங்காலை இடித்துக்கொள்வேன். மார்லிஸ் இருந்தால், "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" என்று சமையலறையிலிருந்து கேட்பாள். இப்போது நானே சத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆகவே இழுவை: இல்லை.

அடுத்தது தூரமும் சுமையும். கடை, தேவாலயம், டோரீன் காஸ்பர் வீடு, அவ்வளவுதான். டோரீன் மார்லிஸின் தோழி, பக்கத்துப் பண்ணைக்காரர், பக்கத்து என்றால் நடுவில் இரண்டு சோளக்காடு. அவர் கணவரும் உயிரோடு இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்பேர்ப்பட்ட கடினத் தண்ணீர் என்று தாங்கள் அறிவீர்கள், அதைப் பதமாக்கும் இயந்திரம் இல்லாத வீடு இங்கே கிடையாது, அந்த இயந்திரத்துக்கு உப்பு போட்டு மாளாது. டோரீனுக்கு அந்த உப்பு மூட்டையைக் கடையிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இயந்திரம் இருக்கிற கீழறைக்குத் தூக்கி வருகிறேன் என்றால் விடமாட்டார். "உங்க முழங்காலை வெச்சுக்கிட்டு அந்தப் படியில இறங்காதீங்க, இப்படி வாசல்லயே வைங்க" என்பார். பிறகு காபி, கூடவே ரூபார்ப் கேக். வாரத்தில் நான் வாயைத் திறந்து பேசுவது அங்கே மட்டும்தான், எஞ்சிய நாளெல்லாம் அந்த இழுவைக் கொக்கியோடுதான் பேச்சு.

பனி உருகட்டும் என்று சாலையில் தூவுகிற உப்பே என் பழைய வண்டியைத் தின்று தீர்த்துவிட்டது. சைலன்சரில் ஓட்டை. நான் வீட்டை விட்டுக் கிளம்பினாலே இரண்டு சோளக்காடு தாண்டி டோரீனுக்குக் கேட்கும். நான் போய்ச் சேருவதற்குள் வாசலுக்கு வந்து, "ஊரையே எழுப்பியாச்சா?" என்று கேட்டபடி நிற்பார், உள்ளே காபி கொதிக்கும். இத்தனை காலத்தில் அந்தக் கதவை நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. எங்கள் பக்கம் கதவைத் தட்டுகிறவன் ஏதாவது விற்க வந்திருப்பான், இல்லையென்றால் ஆத்துமாவைக் காப்பாற்ற வந்திருப்பான், இல்லையென்றால் சாவுச் செய்தி கொண்டு வந்திருப்பான்.

அந்த வண்டி ஒரு நாள் ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது. வண்டி விற்கிற கடையில் ட்ரென்ட் என்ற பையன், "சார், வார இறுதிக்கு எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க" என்று ஒரு கறுப்பு ஹைப்ரிடைக் கொடுத்தான். பொத்தானை அழுத்தினேன், சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன், அப்போதும் இல்லை. "சார், அது ஸ்டார்ட் ஆகிடுச்சு, இப்ப நிறுத்திட்டீங்க, விடுங்க" என்றான். வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குத் தேவாலயக் கூடத்துக்கு அதில்தான் போனேன். சத்தம் இல்லாததால் அணைந்துவிட்டது என்று நினைத்து இறங்கி, பொரித்த மீனோடு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மைக்கில், "வெளிய ஒரு கறுப்பு பிக்கப் ஆளில்லாம தானா ஸ்டார்ட் ஆகுது, தானா நிக்குது, யாரோடது?" என்று கேட்டார்கள். கூடமே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். "எந்த மடையன்டா அது!" என்று வேறு சொன்னேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

சிரிப்பு போகட்டும். திரும்பும் வழியில் எதிரே வந்த வண்டிக்காரர்களுக்கு வழக்கம்போல் வணக்கமாக ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்கினேன். ஒருத்தரும் திருப்பித் தூக்கவில்லை. வண்டியைத்தான் அவர்களுக்குத் தெரியுமே தவிர, என்னைத் தெரியாது போலிருக்கிறது. மறுநாள் உப்பு மூட்டையோடு டோரீன் வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். யாரும் வெளியே வரவில்லை. திரைச்சீலை லேசாக அசைந்த மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. ஹாரன் அடிக்கலாமே என்பீர்கள், ஒரு பெண்மணியை ஹாரன் அடித்துக் கூப்பிட நான் என்ன மீசை முளைக்கிற பையனா? எஞ்சினும் ஊமை. என் மூச்சு எனக்கே கேட்டது. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் வருவது அவருக்கு அலுத்துவிட்டது என்று தோன்றியது. மூட்டையோடு வீட்டுக்குத் திரும்பி, ரொட்டியை நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்தேன். மார்லிஸ் இறந்த வாரத்துக்குப் பிறகு அந்த வீடு அவ்வளவு பெரியதாக எனக்குத் தோன்றியதில்லை.

ஆகவே ஐயா, மைலேஜ் எப்படியாவது போகட்டும். எனக்குச் சத்தம் போடுகிற வண்டி வேண்டும். பெட்ரோலே நல்லது என்று தாங்கள் பத்திரிகையில் எழுதிவிட்டால், ட்ரென்டிடம் காட்டிவிட்டு வாங்கிவிடுவேன்.

தங்கள் வண்டிகள் எந்தக் குளிரிலும் முதல் முயற்சியிலேயே கிளம்பட்டும் என்ற வேண்டுதலுடன்,
வெர்லின் ஸ்டோல்ட்ஸ்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்கு முன் ட்ரென்டிடம் ஒரு சிவப்புப் பெட்ரோல் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேட்டு எடுத்துக்கொண்டு டோரீன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். புது வண்டி, அதுவும் பூனை மாதிரிதான் போகிறது. யாரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரது?"

"நான்தான், வெர்லின்."

கதவு திறந்தது. கையில் மான் வேட்டைத் துப்பாக்கி. "நீங்களா! சனிக்கிழமை கறுப்பு வண்டியில வந்து நின்னதும் நீங்கதானா? எவனோ திருடன்னு நெனச்சு, நீங்க போற வரைக்கும் இதை மடியில வெச்சுக்கிட்டு ஜன்னல் ஓரமாவே உட்கார்ந்திருந்தேன். இறங்கி வந்து தட்டினா கை தேஞ்சா போயிடும்?"

"உப்பு கொண்டுவந்தேன்" என்றேன்.

அவர் துப்பாக்கியை மூலையில் சாய்த்துவிட்டு, என்னைக் கொல்லைப்புறத்து மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போனார். மாடுகளை விற்றுப் பல காலமாகிறது. மாடு நின்ற இடமெல்லாம் நான் கொண்டுவந்த உப்பு மூட்டை. தள்ளுவண்டியில் வைத்து அவரே தள்ளிக்கொண்டு வந்து அடுக்கியிருக்கிறார். தண்ணீரைப் பதமாக்கும் இயந்திரம் போன வருடமே செத்துப்போய்விட்டதாம்.

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொன்னா அப்புறம் எதுக்கு வரப்போறீங்க?" என்றார்.

ஆகவே ஐயா, சுமையும் இல்லை. தங்கள் மூன்று கேள்விப்படி பார்த்தால் எனக்குப் பிக்கப்பே தேவையில்லை. ஆனாலும் வாங்குகிறேன், எந்த எஞ்சின் என்று தாங்களே முடிவு செய்துவிடுங்கள். கொட்டகையைக் காலி செய்ய வேண்டுமாம். சில நடையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்கிறான் ட்ரென்ட். நான் ஒரு தடவைக்கு ஒரு மூட்டை என்று டோரீனிடம் சொல்லியிருக்கிறேன்.