பதினோரு வருட மடிப்பு

ஊருக்கெல்லாம் சொன்ன புத்தியில் கால்வாசியை எனக்கே சொல்லியிருந்தால், என் முதுகு இவ்வளவு பிரபலம் ஆகியிருக்காது.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் நான் கட்டிங் மாஸ்டர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பேச்சு அதைவிடக் குறைவு. துணி விஷயத்தில் மட்டும் வாய் திறப்பேன். "காட்டனை நனைச்சுக் காயவச்சுப் பொறவு வெட்டணும். பட்டுன்னா மாசம் ஒருக்கா மடிப்ப மாத்தி வைக்கணும். இல்லைன்னா மடிச்ச எடத்துல இத்துப்போகும்."

என் டிரங்குப் பெட்டியிலும் சந்தன நிறப் பட்டுத்துணி ஒன்று இருந்தது. முப்பது வயதில், கல்யாணச் சட்டைக்கென்று வாங்கியது. அதன் மடிப்பை மட்டும் நான் மாற்றவில்லை. பெட்டியைத் திறந்தால், 'இன்னும் ஒன்றும் அமையலையா?' என்று அது கேட்பதுபோல் இருக்கும். நாலு பாச்சை உருண்டையைப் போட்டு மூடிவிடுவேன்.

நாற்பத்தொன்றாம் வயதில் மம்சாபுரத்தில் ஒரு இடம் வந்தது. பெண் மாரீஸ்வரி, அவளும் தையல் வேலை. (இனி இன்னொரு இடம் வராது என்று தரகர் சொல்லிவிட்டார்.) கல்யாணம் வரை பொறுக்காமல், பெண் பார்க்கப் போவதற்கே அந்தப் பட்டைச் சட்டையாகத் தைத்தேன். வெட்டும்போதே முதுகுத் துண்டில் குறுக்கே ஒரு வெளிறிய கோடு தெரிந்தது. அயர்ன் போட்டால் சரியாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

நான் உட்கார்ந்ததும் பெண்ணின் மாமா மூக்கை உறிஞ்சினார். "யாரு பீரோவத் தொறந்து போட்டது?"

என்னோடு வந்திருந்த அக்கா என்னை முறைத்தாள். மாரீஸ்வரி காபி கொண்டுவந்தாள். குனிந்து எடுத்தேன். முதுகில் 'டர்' என்றது, காற்று வந்தது.

அதன்பிறகு சுவரைவிட்டு நகரவில்லை. விடைபெறும்போது முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்தேன்.

"மாப்பிள்ளைக்குப் பணிவு சாஸ்தி," என்றார் மாமா.

வாசலில் கிடந்த ஆட்டுரல் இடித்து, விழாமலிருக்கத் திரும்பினேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மாரீஸ்வரிதான் கிட்டே வந்து கிழிசலைப் பார்த்தாள். "மடிப்புல இத்திருக்கு. எம்புட்டு நாளா வச்சிருந்தீக?"

அன்று நான் வாயைத் திறந்தது அப்போது மட்டும்தான். "கல்யாணத்துக்குன்னு எடுத்தது. பதினோரு வருசம்."

அவள் லேசாகச் சிரித்தாள். பஸ்ஸில் ராஜபாளையம் வரை அந்தச் சிரிப்போடுதான் வந்தேன்.

மறுநாள் மாமா அக்காவுக்குப் போன் செய்தார். "சட்டை கிழிஞ்சதப் பத்தி ஒண்ணுமில்லம்மா. பதினோரு வருசமா ஒருத்தருக்குப் பொண்ணு அமையலைன்னா, என்னமோ கோளாறு இருக்கும்ல?"

கிழியாத துண்டுகளைப் பிரித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் மடிப்பை மாற்றுகிறேன். தவறாமல் ராஜபாளையத்திலிருந்து அக்காவின் போன் வரும்.

"ஏலே, மடிப்ப மாத்துனியா?"

"எத்தன வருசமாச்சுன்னு கேளு," என்று பின்னால் அத்தான் சிரிப்பார்.

வேறு யாரும் எனக்குப் போன் செய்வதில்லை. அதனால், மாற்றி வைத்திருந்தாலும் "இன்னும் இல்லக்கா" என்றுதான் சொல்வேன். செத்த நேரம் கூடுதலாகத் திட்டுவாள்.