மேஸ்திரியின் நாக்கு கறுத்த நாள்

பேசிப் பெயர் பெற்ற நாக்குகள் தமிழ்நாட்டில் ஆயிரம் உண்டு. பேசாமலே பெயர் பெற்ற நாக்கு ஒன்றே ஒன்றுதான். அது ஆம்பூரில், பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் பதனிடும் ஆலையில், ஒரு மேஸ்திரியின் வாயினுள் இருந்தது.

எழுபதுகளின் இறுதியில் அவ்வாலையில் கடிதம் எழுதும் பணி எனக்கு. எழுத்து வேலை செய்பவரை அங்கே முன்ஷி என்பார்கள். மேஸ்திரியின் இயற்பெயர் ஆலையின் பதிவேட்டில் மட்டுமே வாழ்ந்தது; ஊருக்கு அவர் நாக்கு மேஸ்திரி.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய சாற்றில்தான் அக்காலத்தில் தோலைப் பதப்படுத்துவார்கள். சாறு வலுவிழந்தால் தோல் அழுகும். வலு மிகுந்தால் தோல் விறைக்கும். மற்ற ஆலைகளில் அதை அளக்கக் கண்ணாடிக் கருவி இருந்தது. எங்களிடம் மேஸ்திரி இருந்தார். நாள்தோறும் காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு தொட்டிகளிலும் சுட்டுவிரலை நனைத்து, நாக்கின் நுனியில் ஒற்றி, துப்பிவிட்டுத் தீர்ப்பு வழங்குவார்.

"மூணாவது கம்மி. ஏழுல எவனோ தண்ணி ஊத்திக்கீறான். எவன்டா அது?"

எவனோ ஒருவன் தலைகுனிவான். ஒருமுறை ஐந்தாம் தொட்டியைச் சுவைத்தவர், இந்தப் பட்டை மூட்டையை வண்டிக்காரன் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் ஏற்றி வந்திருக்கிறான் என்றார். வண்டிக்காரனை அழைத்து விசாரித்தோம். வெங்காயம் அன்று, பூண்டு. இப்பிழைக்காக மேஸ்திரி ஒரு வாரம் வருந்தினார்.

அவருக்கு உலகில் ஒரே பகை, இரும்பு. பட்டைச்சாற்றில் இரும்பு பட்டால் சாறு மையாகிவிடும்; துருப்பிடித்த ஆணி ஒன்று விழுந்தால் தோலெல்லாம் கறை. ஆகையால் தொட்டிக் கூடத்தினுள் மரவாளிக்கும் பித்தளைச் செம்புக்கும் மட்டுமே இசைவு. இடுப்பில் செருகிய சாவியைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் நுழையவேண்டும். ஒரு மழைநாளில் நான் குடையுடன் சென்றபோது வாயிலிலேயே மறித்தார்.

"முன்ஷி சார், கொடையில கம்பி கீது."

"மழை பெய்கிறது, மேஸ்திரி."

"நீங்க நனைஞ்சா காய்ஞ்சுடுவீங்க. தோலு கறுத்தா வெளுக்காது."

இத்தகைய நாக்கு ஒரு சித்திரை மாதத்தில் பிழைபட்டது. நான்காம் தொட்டி சரியாக இருக்கிறது என்றார். முப்பது ஆட்டுத்தோல்கள் கொழகொழத்துப் போயின. மறுவாரம் ஒன்பதாம் தொட்டியிலும் அதே கதை. முதலாளி கண்ணியமானவர், ஏசவில்லை. தனியே அழைத்து, என் முன்னிலையில் சொன்னார்.

"மேஸ்திரி, பக்ரீத் தோலு வந்து எறங்குற வரைக்கும் டைம் எடுத்துக்கங்க. அதுக்குள்ள நாக்கு சரியாச்சுன்னா தொட்டி உங்களுது. இல்லாட்டி கொட்டகையில உக்காந்து தோலு அடுக்குங்க. சம்பளத்துல கைவைக்க மாட்டேன்."

சம்பளத்தில் கைவைக்க மாட்டேன் என்ற சொல்தான் மேஸ்திரியைக் குத்தியது. அறைக்கு வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நாக்கு இல்லாத மேஸ்திரிக்கு எதுக்கு சார் சம்பளம்?"

அப்போதுதான் அவரை உற்றுநோக்கினேன். முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. சட்டைப் பையிலிருந்து பச்சரிசியை எடுத்து எந்நேரமும் மென்றுகொண்டிருந்தார். அது அவருடைய விந்தைகளுள் ஒன்று என நாங்கள் எண்ணியிருந்தோம். மறுநாளே வேலூருக்கு, ஒரு பெரிய மருத்துவமனைக்கு, அவரை இழுத்துச் சென்றேன்.

மருத்துவர் இளம்பெண்மணி. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். கருவூலத்தைத் திறப்பவர் போல மேஸ்திரி தயங்கித் தயங்கி நீட்டினார்.

"நாக்கு வழவழன்னு செவந்திருக்கே. பச்சரிசி, சாக்பீஸ், இந்த மாதிரி ஏதாவது தின்றீங்களா?"

மேஸ்திரி திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "முன்ஷி சார், நீங்க சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. குருதியில் இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு இத்தகைய வேட்கை எழுவதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். ஆய்வின் முடிவும் வந்தது. பதின்மூன்றுக்கு மேல் இருக்கவேண்டிய குருதியின் ஹீமோகுளோபின் அளவு ஏழாக இருந்தது.

"ரத்தம் எங்கேயாவது போகுதா?"

மேஸ்திரி என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். கதவு மூடியது. சற்று நேரத்தில் மருத்துவரின் குரல் மட்டும் தாழ்வாரம் முழுவதும் ஒலித்தது. "மூலமா? பதினோரு வருஷமாவா? வீட்லகூட சொல்லலையா?"

மூலத்துக்குத் தனி மருந்து கொடுத்தார். குருதிக்கு, காலை ஒன்று, இரவு ஒன்றாக இரும்பு மாத்திரை. ஆறு மாதம் தவறக்கூடாது. குருதி ஏறினால் நாக்கும் திரும்பும் என்றார். மாத்திரையின் பெயரைக் கேட்டதும் மேஸ்திரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இரும்பா? மேடம், முப்பது வருசமா நான் இரும்ப உள்ள விட்டதில்ல."

"தொட்டிக்குள்ள விடாதீங்க. உங்களுக்குள்ள விடுங்க."

அன்று தொடங்கியது போர். முதல் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுப் பேருந்தில் ஏறியவர், சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கியது நன்மையாயிற்று. பிறகு உணவுக்குப் பின் உட்கொண்டார். குமட்டல் குறைந்தது, சுவை குறையவில்லை.

"காட்பாடி ஜங்ஷன்ல தண்டவாளத்த நக்குன மாதிரி இருக்குது சார். ஆனா விடமாட்டேன். நானா இரும்பான்னு பாத்துடறேன்."

அச்சுவையைக் கொல்ல அவர் கண்ட வழி தேநீர். முன்னரே நாளொன்றுக்கு எட்டுக் குவளை குடிப்பவர். ஆலை வாயிலில் கடை வைத்திருந்த முனுசாமி கொதிக்கக் கொதிக்கக் கடுந்தேநீர் கொண்டுவர, மாத்திரைக்கு முன் ஒரு குவளை, பின் ஒரு குவளை என்று கணக்குப் பத்தைத் தாண்டியது.

பத்தாம் நாள் காலை என் மேசைமுன் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார். வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கிறதாம். அதுவும் இரண்டு நாளுக்கு ஒருமுறைதானாம். மருத்துவருக்கு உடனே கடிதம் எழுதவேண்டும். நான் இயன்றவரை நயமாக எழுதிப் படித்துக் காட்டினேன்: "பெருமதிப்பிற்குரிய அம்மையீர், அன்னாரின் காலைக்கடன் கார்முகிலின் நிறம் கொண்டுள்ளது."

"முகில்னா?"

"மேகம்."

"கரின்னு போடுங்க சார். மேகம்னா பறக்குதுன்னு நெனைச்சுக்கப் போறாங்க."

கரி என்றே திருத்தினேன். நான்காம் நாள் மறுமொழி வந்தது: "கறுப்பாகத்தான் போகும், பயம் வேண்டாம். பப்பாளி சாப்பிடவும். தண்ணீர் நிறையக் குடிக்கவும். மாத்திரையை நிறுத்தவேண்டாம்." அஞ்சலட்டையாதலால் தபால்காரர் தொடங்கி ஊர் முழுவதும் அதைப் படித்துவிட்டது. பிறகு பல நாள்களுக்கு எதிர்ப்பட்டவரெல்லாம், "இன்னா மேஸ்திரி, பப்பாளி ஆச்சா?" என்றுதான் நலம் கேட்டார்கள். அவரும் கூசவில்லை. "ஆச்சுபா, அரைப்பழம்" என்று கணீரென்று விடை பகர்ந்தார்.

இரண்டு மாதம் கழிந்தது. ஒருவேளை மாத்திரையும் தவறவில்லை என்பதற்கு நானே சான்று. மூலத்தின் தொல்லையும் அடங்கியிருந்தது. மீண்டும் வேலூர் சென்று குருதியைக் கொடுத்தோம். ஏழேகால்.

மருத்துவரின் முகம் கடுத்தது. "மாத்திரைய ஒழுங்கா போடல நீங்க. போட்டிருந்தா இப்படி இருக்காது."

மேஸ்திரி சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். திரும்பும் பேருந்து மாதனூரைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். "பொய்யன்னு சொல்லிட்டாங்க சார்."

நாக்கு திரும்பியதா என்று பார்ப்பதற்காக அவர் சனிக்கிழமைதோறும் ஒரு தொட்டியை மட்டும் தொட்டுச் சுவைப்பது வழக்கம். அந்தச் சனிக்கிழமை காலை உணவு முடித்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். முனுசாமியின் தேநீர் வரவில்லை. வெறும் நீரில் விழுங்க மனமின்றி, மாத்திரையை வாயிலேயே அடக்கியபடி காத்திருந்தார். மேல்பூச்சுச் சர்க்கரை கரைந்து இரும்பு வெளிப்பட்டுவிட்டது. பொறுமையிழந்து அதைத் துப்பிவிட்டு, நேரே சென்று முதல் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் ஒற்றினார். துப்பினார்.

கீழே விழுந்தது மை.

"ஐயய்யோ, மேஸ்திரி நாக்கு கறுத்துப்போச்சு!" என்று ஒருவன் அலறினான். பாம்புக்கடி என்றான் ஒருவன். ஒருவன் மாட்டுவண்டியைப் பூட்ட ஓடினான். நான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிச்சென்றபோது மேஸ்திரி பித்தளைச் செம்பின் பளபளப்பில் தம் நாக்கை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னங்கரேலென்று இருந்தது. முப்பதாண்டுகளாக எதைக் கூடத்தினுள் நுழையவிடாமல் காத்தாரோ அது அவருடைய வாய்வழியே நுழைந்துவிட்டது.

"கத்தாதீங்கடா. இரும்பும் பட்டையும் சேந்தா கறுக்கத்தான் செய்யும்" என்றார். அந்நேரம் பார்த்து முனுசாமி தேநீருடன் வந்தார். மேஸ்திரி அவரைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"முனுசாமி, பால் ஊத்தாம டிக்காஷன் மட்டும் ஒரு கிளாஸ் குடு."

மாத்திரை ஒன்றைப் பொடித்து அதில் போட்டு மூங்கிற்குச்சியால் கலக்கினார். எல்லோரும் சூழ்ந்து நின்றோம். செந்நிறமாயிருந்த சாறு எங்கள் கண்ணெதிரே பேனாமை ஆயிற்று.

"பட்டையும் துவர்ப்பு, டீயும் துவர்ப்பு. ரெண்டும் ஒரே ஜாதி! வயித்துக்குள்ள இரும்ப இது புடிச்சு வெச்சுக்குது, ரத்தத்துக்கு விடல. இத்தன நாளா நான் இரும்பும் சாப்புட்டேன், அத அடக்கம் பண்ண டீயும் சாப்புட்டேன்."

"நல்லா இருக்குது பாய் நாயம்! மாத்திரைய போட்டு டீய கெடுத்தது நீ, குத்தம் எங்கடைக்கா?" என்று முனுசாமி சீறினார்.

மேஸ்திரிக்கு அது காதில் விழவில்லை. குவளையை மேலே தாளால் மூடிக் கட்டினார். வேலூர்ப் பேருந்தில் ஏறி ஒரு மணிநேரத்துக்கு மேல் அதை மடியில் வைத்துக் குழந்தையைப் போல் காத்தார். நடத்துநர் குனிந்து பார்த்தார்.

"இன்னா பாய் அது, மையா?"

"மை இல்லபா. என் ரெண்டு மாசம்."

மருத்துவரின் மேசைமீது குவளை வைக்கப்பட்டது. "காலைல மாத்திரை, டீ. ராத்திரி மாத்திரை, டீ" என்று மட்டும் சொன்னார் மேஸ்திரி. மருத்துவர் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"நான் படிச்சிருக்கேன் மேஸ்திரி. டீயோட போட்டா இரும்பு ஒடம்புல சேராது. உங்ககிட்ட அதக் கேக்காம பொய் சொல்றீங்கன்னு நெனைச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

"அத வுடுங்க மேடம். பக்ரீத் வருது. வழி சொல்லுங்க."

எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரை; தேநீர் வேண்டுமானால் இரண்டு மணிநேரம் தள்ளி. இவ்வளவுதான் மருத்துவர் சொன்னது. மேஸ்திரியோ, "ரெண்டு மணி நேரம் இன்னா, பக்ரீத் வரைக்கும் டீயே வாணாம்" என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டார்.

பத்துக் குவளையிலிருந்து ஒன்றுமின்மைக்கு வந்த மனிதரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். முதல் நான்கு நாள் தலைவலியில் நெற்றியைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, எவரிடமும் பேசாமல் திரிந்தார். முனுசாமியின் அடுப்பு மணம் மூக்கில் ஏறாதிருக்க, ஆலையைச் சுற்றிக்கொண்டு பின்வாயில் வழியாக வந்தார். எலுமிச்சை, நெல்லி, கொய்யா, வாரம் ஒருநாள் ஆட்டு ஈரல், நாள்தோறும் பப்பாளி. இடையில் நோன்பு மாதம் வந்தது. காலை மாத்திரை நோன்பு திறந்த பின்னுக்கு மாறியதே தவிர, நின்றதில்லை.

இவ்வறிவைத் தமக்குள்ளே வைத்துக்கொள்ளவும் அவரால் இயலவில்லை. பக்கத்துக் காலணித் தொழிற்சாலையில் தையல் வேலைக்கு வரும் பெண்களுள் கருவுற்றவர்களுக்கு அரசு செவிலியர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார். மேஸ்திரி முனுசாமி கடையருகே காவல் நின்றார்.

"மாத்திரை போட்டியாம்மா? அப்ப அந்த கிளாஸ கீழ வெய்யி."

"ரெண்டு மணி நேரம் கழிச்சு எந்த சூப்பர்வைசர் என்னை டீக்கு வுடுவாரு பாய்?" என்று மடக்கினாள் ஒருத்தி.

மேஸ்திரி யோசித்தார். மறுநாள் முனுசாமியின் கடையில், தேநீருக்குப் பக்கத்திலேயே ஒரு பானை எலுமிச்சைச் சாறு இருந்தது. எப்படி இசைய வைத்தார் என்று இருவருமே சொன்னதில்லை.

குருதி ஒன்பது ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. முகத்தில் நிறம் வந்தது. பையிலிருந்த பச்சரிசி போயிற்று. நாக்கு மட்டும் அழிச்சாட்டியம் செய்தது. சனிக்கிழமை வரும், தொட்டியைத் தொடுவார், தலையசைத்துவிட்டுப் போவார். பக்ரீத்துக்கு ஆறு நாள் இருந்தபோது வந்தது கடைசிச் சனிக்கிழமை. முதலாளியும் வந்து நின்றார்.

நான்காம் தொட்டியில் விரலை நனைத்தார். ஒற்றினார். கண்ணை மூடியவர் திறக்கவில்லை.

"நாலு கம்மி" என்றார்.

முதலாளி பக்கத்து ஆலையிலிருந்து கண்ணாடிக் கருவியை வரவழைத்து மிதக்கவிட்டார். நான்காம் தொட்டி கம்மிதான். மேஸ்திரி அதற்குள் ஐந்து, ஆறு, ஏழு என்று நடந்துகொண்டிருந்தார். ஒன்பதில் நின்று உறுமினார். "இதுல எவன்டா பீடி போட்டது?"

அன்று நண்பகல் என்னைத் தம் வீட்டுக்கு உண்ண அழைத்துச் சென்றார். சோறும், பருப்பும் கறியும் சேர்ந்து வெந்த தால்ச்சாவும் வந்தன. முதற்கவளத்தை வாயிலிட்ட மேஸ்திரி வீடதிரக் கத்தினார்.

"இன்னா இது? இம்மாம் உப்பா? விருந்தாளிக்குப் போடற சோறா இது?"

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. மேஸ்திரி பதறி எழுந்தார். அப்போது அவருடைய மனைவியின் குரல் வந்தது.

"முன்ஷி சார், நீங்க தப்பா நெனைக்காதீங்க. இருவத்தஞ்சு வருசமா உப்பு, புளின்னு கொற சொல்லாம இவரு ஒருநாள் சாப்ட்டதில்ல. திடீர்னு ஒருநாள் நிறுத்திட்டாரு. எது போட்டாலும் நல்லா இருக்குதுன்னாரு. எனக்கு பயம் வந்துடுச்சு. இவரு சனிக்கெழம தொட்டில பாத்தாரு. நான் சனிக்கெழம தட்டுல பாத்தேன். ஆறு மாசமா வாரம் ஒருநாள் உப்ப ரெண்டு மடங்கு போட்டு வெக்கிறேன். இன்னிக்குத்தான் திட்டுறாரு."

மேஸ்திரி நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அமர்ந்து, தட்டை அருகே இழுத்துக்கொண்டார்.

"சார், நீங்க அத சாப்புடாதீங்க. உங்களுக்கு வேற கொழம்பு தனியா வெச்சிருக்குது" என்றது திரை.

அந்தத் தால்ச்சா மெய்யாகவே கடலாய்க் கரித்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி உண்டேன்.